பென்ஸ் வீட்டுக்காரி

அத்தியாயம் 11

கடிதம் வந்து ஒன்பது நாளாகியும் உஷாராணி அதை ஐஸ்பெட்டிக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

அலோர் காஜா டயாலிசிஸ் நிலையத்திலிருந்து வந்த கடிதம். மாமனார் மாயாண்டிக்கு எட்டு மாதமாகக் கொடுத்துவரும் உதவியை நிர்வாகக் குழு மறுபடி ஆராய்கிறது, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான். என்ன காரணம் என்று ஒரு வரி இல்லை. கீழே 'செயலாளர்' என்று போட்டு, படிக்க முடியாத ஒரு கையெழுத்து.

காரணத்தைக் காகிதத்தில் எழுத வேண்டுமா என்ன? அதுதான் வீட்டு வாசலில் நான்கு சக்கரத்தோடு நிற்கிறதே.

வெள்ளி நிற பென்ஸ். தொண்ணூற்றெட்டாம் வருடம் பதிவானது. ரெம்பியாவில் ஒரு வெர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் திருச்செல்வம். யாரோ ரிப்பேருக்கு விட்டுவிட்டு, வேண்டாம் என்று கைகழுவிப் போன வண்டி அது. முதலாளி பழைய இரும்புக்குப் போட இருந்ததை, பழைய கஞ்சில் மாதிரிச் சின்னக் காருக்குக் கொடுக்கிற விலையில் வாங்கி, ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தான். வெளிநாட்டில் பாதியாக வெட்டி அனுப்பும் கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் தேடித் தேடி ஒவ்வொரு சாமானாக வாங்கினான். பெயிண்ட் மட்டும் குறை வைக்காமல் அடித்தான். அதனால்தான் வண்டி இன்றைக்கும் பார்க்கப் புதிதாக இருக்கிறது. தொல்லையே அந்தப் பளபளப்புதான்.

மீன்காரர் விலை சொல்லும்போதே "உங்களுக்கென்னக்கா, பென்ஸ் வீடு" என்பார். கோயில் திருவிழாவுக்கு நன்கொடைப் புத்தகம் எடுத்துவரும் பையன்கள் இந்த வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பல்லைக் காட்டுவார்கள். திருச்செல்வத்தின் அக்காவுக்கு இன்றுவரை சந்தேகம்: தம்பிக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்திருக்கிறது, வீட்டோடு அமுக்கிவிட்டார்கள். ரோட் பிளாக்கில் போலிஸ்காரர் மற்ற கார்களைக் கையசைத்து அனுப்பிவிட்டு, இந்தக் காரை மட்டும் ஓரம் கட்டச் சொல்லி பின்பெட்டியைத் திறக்கச் சொல்வார். பழைய பென்ஸில் ஒரு தமிழன் போனால் அவன் ஒன்று பணக்காரன், இல்லையென்றால் வேறு மாதிரி ஆள். பெயிண்ட் அடிக்கிறவனாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அதை விற்றுவிட்டுச் சின்னக் காராக வாங்கியிருக்கலாம். மாயாண்டியின் கால்தான் தடை. செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர் அவர். ஒரு விபத்தில் வலது முழங்கால் நொறுங்கி, இருபது வருடமாக மடங்காது. ஆள் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பென்ஸின் முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்தால், காலை நீட்டிப் படுத்தபடி வீடு வந்து சேரலாம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அப்படித்தான் வருகிறார்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

"என்னங்க, வண்டியை இன்னிக்கு ஒரு நாள் வெர்க்‌ஷாப்புல விட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள் உஷாராணி.

திருச்செல்வம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நுரையைத் துப்பிவிட்டுத் திரும்பினான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"திருடின வண்டியா அது? கிராண்ட் பத்திரம் எம் பேர்ல இருக்கு. ரோட் டாக்ஸ் கட்டியிருக்கேன்."

"வர்றவங்க கிராண்டையா பாக்கப் போறாங்க? முன்னால நட்டு வச்சிருக்கிற நட்சத்திரத்தைத்தான் பாப்பாங்க."

"மூணு வாரமா சென்டர் பின்னாடி சந்துல நிறுத்திட்டு அப்பாவை நடக்க வைக்கிறேன், உஷா. அது போதலையா?"

"அதுக்கு முன்னாடியே யாரோ பாத்துட்டாங்க. அதனாலதானே கடிதம் வந்திருக்கு? உதவி நின்னு போச்சுன்னா வாரம் மூணு நாள் நாம எங்க போய் நிக்கிறது?"

அவன் குழாயைத் திறந்தான். முகத்தைக் கழுவினான். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாயாண்டி லேசாகச் செருமினார். காது நன்றாகக் கேட்கும் மனிதர்தான்.

எட்டு மணிக்குத் திருச்செல்வம் பென்ஸை எடுத்தான். பக்கத்து வீட்டுக் காளிமுத்து அண்ணன் தன் கஞ்சிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். போகும்போது இரண்டு வண்டி, வரும்போது ஒன்று. பென்ஸ் ரெம்பியாவில் வெர்க்‌ஷாப் கேட்டுக்குள் நின்றுவிட்டது. மதியம் ஒரு மணிவரை கடை திறந்திருக்கும், பன்னிரண்டுக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அதுவரை வாசல் காலியாகத் தெரியக் கூடாது என்று உஷாராணி கேட்டுக்கொண்டதால், காளிமுத்து அண்ணன் கஞ்சிலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பெரிய தட்டில் ஒரே ஒரு இட்லி வைத்த மாதிரி அது நின்றது.

சிமெண்ட் தரையில் பென்ஸ் விட்டுப்போன எண்ணெய்க் கறை இருந்தது. உஷாராணி சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். கறை பரவியதே தவிரப் போகவில்லை. மேலே கால்மிதியை இழுத்துப் போட்டாள்.

பத்து இருபதுக்கு ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து நின்றது. புத்தம் புதிது, இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டி வந்தவர் வடிவேலு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், குழு உறுப்பினர். மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு பெண்மணி இறங்கினார். நரைத்த முடியை இறுக்கி முடிந்து, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்.

"நான் திலகவதி. செயலாளர்."

உஷாராணியின் கை கேட் கம்பியிலேயே நின்றுவிட்டது.

இந்த முகத்தை அவளுக்குத் தெரியும்.

போன வருடம் தம்பினில் அவளுடைய தங்கை மகள் கல்யாணம். பென்ஸ் மண்டப வாசலுக்கு வந்ததும், வழிகாட்டிக்கொண்டிருந்த ஆள் ஓடிவந்து, மாப்பிள்ளை வீட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்தச் சொன்னான். அவள் இறங்கியபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடும் வேலை செய்பவளை அதுவரை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த இதே டீச்சரம்மா, "அந்த வெள்ளி பென்ஸ் உங்களோடதா? வீட்டுக்காரர் என்ன செய்யறார்?" என்று கேட்டார்.

'வெர்க்‌ஷாப்புல வேலை செய்யறார்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ரெம்பியாவுல வெர்க்‌ஷாப் வச்சிருக்கார்" என்று சொன்னாள்.

யாரும் கேட்டு வாங்காத பொய். வாயில் வந்தது, சொன்னாள். அந்த டீச்சரம்மா மரியாதையாகத் தலையாட்டி, தன் இலையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக்கூட இவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று முழுக்க உஷாராணிக்கு மிதக்கிற மாதிரி இருந்தது. நாலு மாதம் கழித்து மாமனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

திலகவதி டீச்சர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆனால் எதுவும் கேட்காமல் உள்ளே வந்தார்.

ஹாலில் உட்கார்ந்தார்கள். உஷாராணி மைலோவும் பிஸ்கெட்டும் கொண்டுவந்து வைத்தாள். மாயாண்டி குடிக்கிற தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருந்தார். அவர் சின்ன கிளாஸில் ஒரு வாய் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவேலு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கேள்விகளைக் கேட்டார். வீட்டில் எத்தனை பேர்? மூன்று. பிள்ளைகள்? ஒரே மகள் அகல்யா, ஜொகூரில் நர்சிங் படிக்கிறாள். சம்பளச் சிலிப்? திருச்செல்வம் எடுத்து நீட்டினான்.

"வாசல்ல நிக்கிறது?"

"கஞ்சில்" என்றான் திருச்செல்வம். அது யாருடையது என்று சொல்லவில்லை.

"ஒரு பென்ஸ் இருக்குன்னு கேள்விப்பட்டோமே?"

திருச்செல்வம் மனைவியைப் பார்த்தான். உஷாராணி அவசரமாகச் சொன்னாள். "அது வெர்க்‌ஷாப்புல இருக்குங்க. பழசு... அடிக்கடி அங்கதான் இருக்கும்."

"காலையில எட்டு மணிக்குத்தான் கொண்டுபோய் விட்டான்" என்றார் மாயாண்டி.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க வர்றீங்கன்னு ஒளிச்சு வச்சிருக்கு. இந்தக் கஞ்சில் பக்கத்து வீட்டுது. எனக்கு வயசு எழுபத்திரெண்டு ஆவுது, என் பொருட்டு இதுங்க இப்படி நாடகம் போடுறது எனக்குப் பிடிக்கல. கேக்கறதை நேரா கேளுங்க லா."

வடிவேலு பேனாவை மூடினார். திலகவதி டீச்சர் மெதுவாக உஷாராணி பக்கம் திரும்பினார்.

"தம்பின் கல்யாணத்துல நாம பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம், இல்லையாம்மா? உங்க வீட்டுக்காரர் சொந்தமா வெர்க்‌ஷாப் வச்சிருக்கார்னு சொன்னீங்க. மூணு வாரத்துக்கு முந்தி அதே வண்டியில பெரியவர் வந்து இறங்கறதைப் பார்த்தேன். பாரத்துல 'பெயிண்டர்'னு எழுதியிருக்கு. எது உண்மைன்னு எனக்குத் தெரியல. அதனாலதான் கடிதம் போட்டேன்."

கணவன் தன்னைப் பார்க்கிறான் என்பது திரும்பாமலே உஷாராணிக்குத் தெரிந்தது.

"பாரத்துல இருக்கிறதுதான் டீச்சர் உண்மை. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"எதுக்கும்மா?"

"தெரியல டீச்சர். நீங்க மரியாதையா கேட்டீங்க. அந்த மரியாதை போயிடக் கூடாதுன்னு தோணிச்சு."

டீச்சர் சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. வடிவேலுதான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

"தங்கச்சி, உண்மை எதுன்னு இப்ப எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. ஆனா எங்க பிரச்சனை அது மட்டும் இல்ல. இந்த சென்டர் நடக்கிறது நாலு பேர் குடுக்கிறதை வச்சுத்தான். குடுக்கிறவங்க மாசம் ஒரு தடவை வருவாங்க, பார்க்கிங்கைப் பாப்பாங்க. 'பென்ஸ்ல வர்றவனுக்கா நாங்க குடுக்கிறோம்?'னு ஒருத்தர் கேட்டுட்டார்னா, நான் அவர் கையில கிராண்டையும் சம்பளச் சிலிப்பையும் குடுத்துக்கிட்டா இருக்க முடியும்? காத்துக்கிட்டு இருக்கிறவங்க லிஸ்ட்ல ஆறு பேர் இருக்காங்க. அதுல ரெண்டு பேர் பஸ்ல வர்றாங்க."

"அந்த வண்டி ஒரு பழைய மைவி கார் விலைகூடப் போகாதுங்க" என்றான் திருச்செல்வம்.

"எனக்குத் தெரியும் தம்பி. பாக்கிறவங்களுக்குத் தெரியாதே. வித்துடுங்க. ஒரு மைவி வாங்கிக்குங்க. பழைய பென்ஸ்னா உயிரை விடுற ஆளுங்க எனக்குத் தெரியும், நானே ஆள் பாத்துத் தர்றேன். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அதுக்குள்ள வித்தாச்சுன்னா எனக்குப் பேச சுலபமா இருக்கும். இல்லைன்னா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

போகும்போது உஷாராணியின் நம்பரை வாங்கிக்கொண்டார். கறுப்புக் கார் தாமான் குடியிருப்பின் முனையில் திரும்பும்வரை உஷாராணி கேட்டருகிலேயே நின்றாள்.

திருச்செல்வம் மணியைப் பார்த்தான். பதினொன்று நாற்பது. பென்ஸை எடுத்து வந்துவிடலாம் என்று சாவியைத் தேடும்போதே முதலாளிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் காற்றிரைச்சலோடு பதில் வந்தது. முதலாளியின் மாமனாருக்குத் திடீரென்று நெஞ்சுவலியாம், பத்தரைக்கே கடையைப் பூட்டிவிட்டு முவார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். கேட் சாவி அவரிடம்தான். திரும்பி வர இரவாகும்.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் உஷாராணி.

ஒன்றரைக்கு மாயாண்டி ஊசிக்குக் கை நீட்ட வேண்டும். தவறவிட்டால் அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான். போனில் கிராப் வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்தில் வண்டியே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

வாசலில் கஞ்சில் நின்றது.

காளிமுத்து அண்ணன் தாராளமாகச் சாவியைக் கொடுத்தார். மாயாண்டியின் கால் முன்னால் போகவில்லை. இருக்கையை எவ்வளவு தள்ளியும் பாதம் டேஷ்போர்டில் முட்டியது. பின் இருக்கையில் குறுக்காக உட்கார வைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மடங்காத காலை இருக்கை மேல் நீட்டிவிட்டார்கள். பாதம் எதிர்க்கதவில் இடித்தது. அவர் பற்களைக் கடித்துக்கொண்டு, "போ போ, நேரமாச்சு" என்றார்.

இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. உஷாராணி முன்னாலிருந்து கையைப் பின்னால் நீட்டி அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அலோர் காஜா வந்தபோது அவளுடைய தோள் மரத்துப் போயிருந்தது.

திருச்செல்வம் வண்டியை நிலையத்தின் முன்வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். மூன்று வாரத்தில் முதல் தடவை.

நான்கு மணி நேரம் மாயாண்டியின் இரத்தம் மெஷினில் சுற்றி வர வேண்டும். வெளித்தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விரல் நகங்களின் ஓரத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எவ்வளவு தின்னர் போட்டுத் துடைத்தாலும் அது போகாது.

"பெயிண்டர்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"அப்படி இல்லீங்க."

"அப்படித்தானே? இருபத்தாறு வருஷம் இந்த வேலையிலதான் உனக்குச் சோறு போட்டேன். அகல்யாவைப் படிக்க வைக்கிறேன். அந்த வண்டியை நான் செஞ்சது அப்பாவுக்குன்னு நீ ஊர் பூரா சொல்லியிருந்தா எனக்குப் பெருமையா இருந்திருக்கும். நீ அதை முதலாளி வண்டியா ஆக்கிட்ட."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளால் பதிலுக்குக் கத்தியிருக்க முடியும்.

"உங்களை நெனச்சு வெக்கப்படல" என்றாள் கடைசியில். "என்னை நெனச்சுத்தான். அன்னைக்கு ஒரு நாள் யாரோ மாதிரி இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு. தப்புதான்."

அவன் எழுந்து போய் இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தான். ஒன்றை அவள் பக்கத்து நாற்காலியில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மாயாண்டியை வெளியே கொண்டுவந்தார்கள். கடைசி அரை மணியில் பிரஷர் இறங்கிவிட்டதாக நர்ஸ் சொன்னாள். படுக்க வைத்தே கொண்டு போங்கள் என்றாள். முகம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. மதியம் பல்லைக் கடித்து ஏறிய மனிதருக்கு இப்போது கடிக்கவும் தெம்பில்லை. திருச்செல்வம் கஞ்சிலின் பின்கதவு வழியாக அக்குளில் கைகொடுத்து இழுத்தான். உஷாராணி அந்தப் பக்கம் காலைத் தூக்கினாள். பாதி உடம்பு உள்ளே போனதும் இடது கை கதவு நிலையில் உரசியது. ஊசி எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு பிய்ந்து, பனியனில் இரத்தம் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

"நர்ஸ்!"

நர்ஸ் ஓடிவந்து விரலால் அழுத்திப் பிடித்தாள். "அசையாதீங்க அங்கிள். பத்து நிமிஷம் அப்படியே இருங்க." அவர் அப்படியே இருந்தார், தலை உள்ளேயும் கால் வெளியேயுமாக, வாய் லேசாகத் திறந்தபடி. கைலி முழங்காலுக்கு மேல் ஏறி, தழும்பேறிய கால் வெயிலில் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் கணக்குப் புத்தகங்களில் கையெழுத்துப் போட நிலையத்துக்கு வரும் திலகவதி டீச்சர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இந்த வண்டியிலயா கூட்டிட்டுப் போறீங்க?"

"இதுதான் டீச்சர் இன்னிக்கு இருக்கு. அது பூட்டின கேட்டுக்குள்ள நிக்குது" என்றான் திருச்செல்வம்.

டீச்சர் பனியனில் விழுந்த இரத்தப் பொட்டுகளைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"உஷா, ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேம்மா. வெள்ளிக்கிழமை கமிட்டியில இதைக் காட்டினாப் போதும். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. குடுக்கிறவங்க குரூப்லயும் போட்டுடலாம். உங்க உதவிக்கு நான் பொறுப்பு."

உண்மைதான் என்று உஷாராணிக்குத் தெரிந்தது. ஒரு படம் போதும். பென்ஸை விற்கவும் வேண்டாம், யார் காலிலும் விழவும் வேண்டாம். காலையிலிருந்து இந்த மனிதர்களை நம்ப வைக்கத்தானே கறையைத் தேய்த்தாள், கஞ்சிலை நிறுத்தினாள்? இப்போது எந்த ஏற்பாடும் இல்லாமல் கண் முன்னாலேயே கிடைத்திருக்கிறது.

மாயாண்டி கண்களை மூடியிருந்தார்.

உஷாராணி குனிந்து கைலியை இழுத்து அவர் காலை மூடினாள். பிறகு காருக்கும் டீச்சருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம் டீச்சர்."

"உங்க நல்லதுக்குத்தானேம்மா சொல்றேன்."

"தெரியும் டீச்சர். ஆனா படம் வேணாம். எங்க மாமா இப்படிக் கிடக்கிறதை நாலு பேர் போன்ல பாக்க வேணாம். வெள்ளிக்கிழமை நானே வந்து வாயால சொல்றேன்."

"வாயாலயா?"

டீச்சர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆனாலும் உஷாராணிக்கு முகம் எரிந்தது. அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

"ஆமா டீச்சர். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

டீச்சர் கையிலிருந்த போனைப் பார்த்தார். திறந்த பைக்குள் அதைப் போட்டார். "எட்டு மணிக்கு மீட்டிங். முன்கூட்டியே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சம்மதமா கோபமா என்று அந்த நடையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இரத்தம் நின்றதும் மறுபடி மெல்ல மெல்ல அவரை உள்ளே படுக்க வைத்தார்கள். இந்த முறை உஷாராணி பின்னாலேயே தரையில் குந்தி உட்கார்ந்து, தலை சாயாமல் பிடித்துக்கொண்டாள். திருச்செல்வம் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினான். பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போயின.

புலாவ் செபாங் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்தபோது அவள் போன் அதிர்ந்தது. வடிவேலுவின் செய்தி. படித்தாள். மறுபடி படித்தாள். காலையில் என்றால் போனைக் கவிழ்த்து வைத்திருப்பாள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பாள்.

"என்னங்க, வடிவேலு அண்ணன் அனுப்பியிருக்கார். படிக்கிறேன் கேளுங்க. 'ஆள் கிடைச்சாச்சு. நல்ல விலை. நாளை காலை ஒன்பது மணிக்கு வண்டி பார்க்க வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். கிராண்ட் தயாராக வைக்கவும்.'"

திருச்செல்வம் சிக்னல் போட்டான். தாமானுக்குள் திருப்பினான். காது மடல் சிவந்திருந்தது.

"நீ என்ன சொல்ற?" என்றான். அன்று மதியத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி.

"உங்க வண்டி. நீங்க செஞ்சது. நீங்கதான் சொல்லணும்."

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் அவள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தூங்குகிறார் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

"ஒன்பது மணின்னா நான் எழுந்திருப்பேன்" என்றார் மாயாண்டி, கண்ணைத் திறக்காமலே. "வரச் சொல்லு. ஆனா வர்ற ஆள்கிட்ட முதல்ல நான் பேசணும்."